பயந்தவன் என்ற பெயர்

2023 ஒக்டோபர் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை. ஸ்காபரோவில் நான் வேலை செய்யும் ஐஸ் அரங்கின் கடையைத் திறக்கக் காலை ஆறரைக்குப் போனேன். கதவடியில் ஐந்து பேர் நின்றார்கள். அந்த நேரத்தில் வருகிறவர்கள் ஸ்கேற் சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு, சாணை பிடித்துத் தரச் சொல்லி வருகிறவர்கள். அன்றைக்கு ஒருவர் கையிலும் சப்பாத்து இல்லை. ஐந்து பேரும் கேட்டது ஒன்றைத்தான்: "பெரியவர்கள் போடும் கழுத்துப்பட்டி இருக்கிறதா?"

மூன்று இருந்தன. மட்டைக்குச் சுற்றும் துணி நாடாக்களுக்குப் பின்னால், சுவரில் தூசி படிந்து தொங்கின. எத்தனை வருடமாகத் தொங்கின என்பது எனக்கே நினைவில்லை. பத்து நிமிடத்தில் மூன்றும் போய்விட்டன. பிறகு வந்தவர்களின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் ஒரு கொப்பியில் எழுதினேன். மாலை கடையைப் பூட்டும்போது இரண்டு பக்கம் நிறைந்திருந்தது.

முதல் நாள் இரவு இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரில் அடம் ஜோன்சன் என்ற ஐஸ் ஹொக்கி வீரர் இறந்திருந்தார். வயது 29. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்துப் பிள்ளை. பிற்ஸ்பேர்க் பெங்குவின்ஸ் அணிக்காக 13 ஆட்டங்கள் ஆடியவர். அந்த வருடம் நொட்டிங்ஹாம் பந்தர்ஸ் அணியில் ஆடிக்கொண்டிருந்தார். ஷெஃபீல்ட் ஸ்டீலர்ஸ் அணியோடு நடந்த ஆட்டத்தில் எதிரணி வீரர் ஒருவரோடு மோதுண்டபோது அந்த வீரரின் ஸ்கேற் அலகு ஜோன்சனின் கழுத்தில் பட்டது. ஆயிரக்கணக்கானவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவரைக் காப்பாற்ற முடியவில்லை.

அந்த அலகைத் தீட்டுவதுதான் என் தொழில். ஊரில் சைக்கிளில் சாணைக்கல்லைக் கட்டிக்கொண்டு, கத்தி அரிவாள் தீட்டத் தெருத்தெருவாய் வருவார்களே, ஏறக்குறைய அதே வேலை. ஆனால் ஸ்கேற்றின் அலகு கத்தியைப் போல ஒரு கூர் உடையது அல்ல. அதன் அடிப்பக்கத்தை உற்றுப் பார்த்தால் நடுவில் நீளமாக ஒரு பள்ளம் ஓடும். பள்ளத்தின் இரு கரையும்தான் இரண்டு கூர். சுழலும் கல்லை ஓர் அரை அங்குல ஆரைக்குச் செதுக்கி, அதன் மேல் அலகைக் கையால் இழுத்துத்தான் அந்தப் பள்ளத்தை எடுக்கிறோம். இரண்டு கரையும் மயிரிழை ஏற்றத்தாழ்வு இல்லாமல் நிற்க வேண்டும். தீட்டி முடித்ததும் பெருவிரல் நகத்தைக் குறுக்கே வைத்து இழுத்துப் பார்ப்பேன். நகம் மெல்லிய தூளாகச் சீவுப்பட்டால் சரி. ஐஸில் ஓடுகிறவன் சட்டென்று திரும்பவும், வந்த வேகத்தில் நிற்கவும் அந்தக் கூர்தான் கைகொடுக்கிறது. கூர் மழுங்கினால் விழுவான்.

அன்று இரவு வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது என் பெருவிரல் நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இருபத்தைந்து வருடத்தில் எத்தனை ஆயிரம் சோடி அலகு தீட்டியிருப்பேன். நகத்தைச் சீவுகிற கூர் கழுத்தை என்ன செய்யும் என்று யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அது ஐஸ் ஹொக்கி உலகத்துக்கும் தெரியாத ஒன்றல்ல. இங்கிருந்து சுமார் இரண்டு மணி நேர ஓட்டத்தில் இருக்கும் பஃபலோ நகரில் 1989 மார்ச் 22ஆம் தேதி, கிளின்ற் மலார்ச்சக் என்ற கோல் காப்பாளரின் கழுத்தை ஒரு ஸ்கேற் அலகு வெட்டியது. அணியின் உதவியாளர் ஜிம் பிஸுற்றெலி வியட்னாம் போரில் மருத்துவப் பணி செய்தவர். அவர் ஓடிவந்து விரலை விட்டு இரத்தக் குழாயை இறுக்கிப் பிடித்தபடியால்தான் உயிர் தப்பியது. முந்நூறு தையல். தன் தாய் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருப்பார், அவர் கண்முன்னே தான் சாகக்கூடாது, ஐஸை விட்டு வெளியே போய்விட வேண்டும் என்பதுதான் அந்த நேரத்தில் தனக்கு இருந்த நினைப்பு என்று பின்னாளில் மலார்ச்சக் சொன்னார். 2008இல் அதே பஃபலோவில் ரிச்சர்ட் செட்னிக் என்ற இன்னொருவருக்குக் கழுத்து வெட்டுப்பட்டது. அவரும் அருந்தப்பில் பிழைத்தார். சுவீடனில் 1995இல் ஒரு வீரர் இப்படி இறந்த பிறகு, அங்கே கழுத்துப்பட்டியைக் கட்டாயமாக்கினார்கள். இங்கே கனடாவிலும் சிறுவர் சிறுமியர் எல்லோரும் அதை அணிந்துதான் ஆட வேண்டும். கியூபெக் தர நிர்ணய அமைப்பின் முத்திரை பதித்த பட்டி இல்லாமல் ஒரு பிள்ளையையும் ஐஸில் இறங்க விடமாட்டார்கள்.

பிள்ளைக்குப் பதினெட்டு தாண்டியதும் அந்தப் பட்டி பையின் அடிக்குப் போய்விடும். ஏன் என்று எத்தனையோ பேரைக் கேட்டிருக்கிறேன். வியர்க்குது, கடிக்குது, கழுத்தைத் திருப்ப முடியவில்லை என்பார்கள். அது பொய் இல்லை, பழைய பட்டிகள் அப்படித்தான் இருந்தன. ஆனால் பத்து கிலோவுக்குக் கிட்ட உடுப்பையும் காப்புகளையும் மாட்டிக்கொண்டு ஓடுகிறவனுக்கு நூறு கிராம் துணியா பாரம்? உண்மைக் காரணம் ஒன்று உண்டு. அதை யாரும் வாயால் சொல்லமாட்டார்கள். தொலைக்காட்சியில் ஆடும் பெரிய வீரர்கள் அதைப் போடவில்லை. அதனால் அது சின்னப் பிள்ளைகளின் பொருள். போட்டால் பயந்தவன்.

இந்த ஆட்டத்தின் வரலாற்றை நான் படித்ததெல்லாம் அந்தக் கடையில், கல்லின் சத்தத்துக்கு நடுவே, ஆட்களிடம் கேட்டும் இரவல் வாங்கிய புத்தகங்களிலும்தான். அதில் எனக்கு விளங்கிய விஷயம் ஒன்று: ஒவ்வொரு பாதுகாப்பும் வருடக்கணக்காய் முன்னரே கையில் இருந்தது. அதை முதலில் அணிந்தவர் எதிர்கொண்டது பக்கை அல்ல, அந்தப் பெயரைத்தான்.

பக் என்பது என்னவென்று ஒருமுறை கையில் எடுத்துப் பார்த்தால்தான் மற்றதெல்லாம் விளங்கும். கடினப்படுத்திய இறப்பர் வில்லை. ஓர் அங்குலத் தடிப்பு, மூன்று அங்குல அகலம், சுமார் 160 கிராம் நிறை. துள்ளாமல் வழுக்கிப் போக வேண்டும் என்பதற்காக ஆட்டத்துக்கு முன் உறைய வைப்பார்கள். பெரிய வீரர் ஒருவர் மட்டையை ஓங்கி அடித்தால் மணிக்கு 150 கிலோமீற்றருக்கு மேல் வரும். 1959 வரைக்கும், இந்தக் கறுப்புக் கல்லுக்கு முன்னால் அநேகமாக எல்லாக் கோல் காப்பாளர்களும் வெறும் முகத்தோடு நின்றார்கள்.

மொன்றியல் கனேடியன்ஸ் அணியின் ஜாக் பிளான்ட் அப்படி நின்றவர்களில் ஒருவர். கியூபெக்கில் பதினொரு பிள்ளைகள் உள்ள ஏழைக் குடும்பத்தின் மூத்த பிள்ளை. சிறு வயதில் ஆஸ்த்மா. நெடுநேரம் ஓட மூச்சுப் போதாது என்றபடியால்தான் கோலுக்குப் போனார். தன் குளிர்த் தொப்பிகளைத் தானே பின்னிக்கொள்வார். அவரைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம், ஊசியும் நூலுமாக ஒரு மூலையில் தனித்திருக்கும் ஒரு மனிதர்தான் எனக்குத் தெரிவார். பல தடவை மூக்கு உடைந்து, கன்ன எலும்புகள் உடைந்து, முகமெல்லாம் தையல். பில் பேர்ச்மோர் என்பவர் கண்ணாடி இழை நிறுவனம் ஒன்றில் வேலை செய்தவர். 1958இல் பிளான்டின் நெற்றியில் பக் பட்டதைப் பார்த்துவிட்டு, அந்த இழையால் உங்கள் முகத்துக்கு அளவாக ஒரு கவசம் வார்த்துத் தரலாம் என்று அவருக்குக் கடிதம் எழுதினார். முகத்தில் களிம்பு பூசி, மூச்சு விட மூக்கில் குழாய் வைத்து, சுண்ண அச்சு எடுத்தார்கள். கவசம் தயார். பயிற்சியில் போடலாம், ஆட்டத்தில் போடக்கூடாது என்றார் பயிற்றுநர் டோ பிளேக். கவசம் போட்டால் காலடியில் வரும் பக் தெரியாது, கவனம் தளரும் என்பது அவர் நினைப்பு. கவசம் போட்டவன் பயந்தவன் என்பது அரங்கில் இருந்த எல்லோருடைய நினைப்பும்.

1959 நவம்பர் 1. நியூயோர்க், மடிசன் ஸ்குவெயர் கார்டன். எதிரணியின் அண்டி பாத்கேற் அடித்த பக் பிளான்டின் முகத்தைக் கிழித்தது. ஐஸில் இரத்தம். உள்ளே கூட்டிப்போய்த் தைத்தார்கள். அந்தக் காலத்தில் ஓர் அணிக்கு ஒரே ஒரு கோல் காப்பாளர். மாற்றுக்கு ஆள் இல்லை. ஆட்டம் நின்று, அரங்கு முழுவதும் காத்திருந்தது. பிளான்ட் சொன்னார்: கவசம் இல்லாமல் நான் திரும்பிப் போகமாட்டேன்.

பிளேக்குக்கு வேறு வழி இருக்கவில்லை. பழுப்பு நிறக் கவசத்தோடு பிளான்ட் ஐஸுக்குத் திரும்பினார். மொன்றியல் 3–1 என்று வென்றது. காயம் ஆறும் வரைக்கும்தான் என்று பிளேக் நினைத்தார். பிளான்டோ அதைக் கழற்றவில்லை. அணியும் தோற்காமல் வென்றுகொண்டே போனது. 1960 மார்ச் 8இல், பயிற்றுநரின் மனசுக்காக ஒரே ஒரு நாள் வெறும் முகத்தோடு டெற்றோய்ற்றில் ஆடினார். 3–0 என்று தோல்வி. மறுநாளிலிருந்து மீண்டும் கவசம். அந்த வசந்தத்தில் மொன்றியல் தொடர்ச்சியாக ஐந்தாவது முறையும் லீக்கின் வெற்றிக் கிண்ணமான ஸ்டான்லி கிண்ணத்தை எடுத்தது.

கவசம் போடுவது பயத்தினாலா என்று ஒருவர் கேட்டதற்கு, விமானத்திலிருந்து பரசூட் இல்லாமல் குதிப்பதையா வீரம் என்கிறீர்கள் என்று அவர் திருப்பிக் கேட்டாராம். நல்ல பதில்தான். ஆனால் நான் நினைத்துப் பார்ப்பது அந்தத் தையல் அறையை. முகத்தில் ஊசி ஏறிக்கொண்டிருக்கிறது, வெளியே முழு அரங்கும் காத்திருக்கிறது, வேலை தருகிறவர் முன்னால் நிற்கிறார். அப்போது மாட்டேன் என்று ஒருவர் சொன்னார். வட அமெரிக்காவின் அந்த மேல் லீக்கில் அப்போது மொத்தமே ஆறு அணிகள், ஆறு கோல் காப்பாளர்கள். வேண்டாம் என்றால் அவர் இடத்துக்கு வர நூறு பேர் இருந்தார்கள்.

அவர் முதல் ஆள் அல்ல. 1927இல் குயின்ஸ் பல்கலைக்கழக அணிக்கு ஆடிய எலிசபெத் கிரஹாம் என்ற மாணவி, வாள் சண்டைக்காரர் போடும் கம்பி வலை முகமூடியைப் போட்டுக்கொண்டு கோலில் நின்றார். என் மகளுக்கு இந்தக் கதையைத்தான் முதலில் சொன்னேன். 1930இல் கிளின்ற் பெனடிக்ற் மூக்கு உடைந்த பிறகு தோல் கவசம் ஒன்றைச் சில ஆட்டங்களில் போட்டார். பார்வையை மறைக்கிறது என்று விட்டுவிட்டார். 1930க்கும் 1959க்கும் இடையில் இருபத்தொன்பது வருடம். அதற்குள் எத்தனை முகங்கள். 1966இல் லைஃப் சஞ்சிகை, டெறி சோச்சக் என்ற புகழ்பெற்ற கோல் காப்பாளரின் முகத்தில் அதுவரை போட்ட தையல்களையெல்லாம் ஒப்பனைக்காரரை வைத்து வரைந்து படம் எடுத்தது. அந்தப் படத்தை ஒருமுறை பார்த்தவர் மறக்கமாட்டார். முகமே தெரியாது, கோடுகள்தான் தெரியும். பிளான்ட் வழிகாட்டிய பிறகும், கடைசி வெறும் முகம் அந்த லீக்கை விட்டுப் போக 1974 ஆனது.

தலைக்கவசத்தின் கதையை நீட்டாமல் சொல்கிறேன், ஏனென்றால் அதில் நீளமாக இருப்பது தாமதம் மட்டும்தான். 1968 ஜனவரி 13இல் மினசோட்டாவின் பில் மாஸ்டர்ட்டன் மோதுண்டு பின்புறமாக விழுந்தார். தலை ஐஸில் அடிபட்டது. இரண்டு நாளில் இறந்தார். அவருக்கும் வயது 29. அந்த அணியின் வரலாற்றில் முதல் கோலை அடித்தவர் அவர். அதன் பிறகு சிலர் தாங்களாகவே தலைக்கவசம் போடத் தொடங்கினார்கள். சிக்காகோவின் ஸ்டான் மிகிற்றா போன்ற நட்சத்திரங்கள் போட்டதால் மற்றவர்களுக்குக் கொஞ்சம் துணிவு வந்தது. லீக் அதைக் கட்டாயமாக்கியது 1979இல். அதுவும் புதிதாக வருகிறவர்களுக்கு மட்டும். 1979 ஜூன் மாதத்துக்கு முன் ஒப்பந்தம் செய்தவர்கள் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெறும் தலையோடு ஆடலாம். அப்படி ஆடிய கடைசி ஆள் கிரெய்க் மக்டாவிஷ் ஓய்வுபெற்றது 1997இல். 2013இல் கண்ணைக் காக்கும் முன் கண்ணாடியைக் கட்டாயமாக்கியபோதும் இதே வழிதான்: இருபத்தைந்து ஆட்டத்துக்கு மேல் ஆடியவர்களுக்கு விலக்கு. பழையவர்களை வற்புறுத்தாமல் விட்டால் காலம் தானாகக் கடந்துவிடும் என்பது கணக்கு. அந்தக் கணக்கு பலித்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் மாஸ்டர்ட்டன் இறந்த நாளிலிருந்து இருபத்தொன்பது வருடத்தை அது தின்றது.

கவசங்களால் தீராத காயம் ஒன்று உண்டு. அது என் வீட்டுக்குள்ளும் வந்தது.

என் மகள் ஒன்பது வயதில் கோலில் நிற்கத் தொடங்கினாள். அவளுக்குப் பதினான்கு வயது நடக்கும்போது, 2004 பெப்ரவரியில், எதிரணிப் பிள்ளை ஒருத்தி வழுக்கிவந்து அவளை மோத, இருவரும் கோல் கம்பத்தோடு போய் விழுந்தார்கள். தலையில் நல்ல கவசம். நானே அளவு பார்த்து வாங்கியது. கொஞ்ச நேரம் கிடந்துவிட்டு எழும்பினாள். பார்வையாளர் எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். பயிற்றுநர் தூரத்தில் இருந்து பெருவிரலைக் காட்டிக் கேட்டார், இவளும் பெருவிரலைக் காட்டினாள். மீதி ஆட்டம் முழுவதும் ஆடினாள். காரில் ஏறியதும், "அப்பா, அந்த லைற்றை நிப்பாட்டுங்கோ" என்றாள். கார் உள்ளே லைற் எரியவில்லை. எதிரே வந்த வாகனங்களின் வெளிச்சம்தான்.

பிறகு ஆறு கிழமை. புத்தகத்தைத் திறந்தால் வாந்தி. மனைவி கறிக்குத் தாளிக்கும் சத்தத்துக்குக் காதைப் பொத்துவாள். நாள் முழுவதும் திரைச்சீலை மூடிய அறை. "எனக்கு ஒண்டுமில்லை அப்பா, அடுத்த மட்ச்சுக்குப் போகலாம்" என்று மட்டும் நாளுக்கு மூன்று தரம் சொல்வாள். தன் இடத்தை வேறொருத்தி எடுத்துவிடுவாள் என்ற பயம். சுகமில்லை என்று சொன்னால் பயந்தவள் ஆகிவிடுவாள் என்ற பயம். அந்தப் பயத்தை அவளுக்கு ஊட்டியதில் என் கைதட்டலுக்கும் பங்கு உண்டு. அதை இன்றைக்கும் நினைக்கிறேன்.

குடும்ப டொக்டர் விளக்கிச் சொன்னதை நான் என் பாஷையில் இப்படிப் புரிந்துகொண்டேன். இடுப்பில் தண்ணீர்க் குடத்தோடு நடந்து வருகிறவள் சடுதியாக நின்றால் குடம் நின்றுவிடும். உள்ளே தண்ணீர் நிற்காது, தளம்பும். மண்டையோடு குடம், மூளை உள்ளே இருப்பது. தலைக்கவசம் குடம் உடையாமல் காக்கும். தளம்பலை அது முற்றாகத் தடுக்காது. தளம்பும்போதும் முறுகும்போதும் மூளையின் மெல்லிய நரம்பு இழைகள் இழுபடுகின்றன. ஸ்கான் எடுத்தாலும் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. ஆற முன்பு இன்னொரு அடி பட்டால் ஆபத்து பன்மடங்கு. இங்கே கன்கஷன் என்கிறார்களே, மூளை அதிர்வு, அது இதுதான்.

அந்த ஆறு கிழமையில்தான் எரிக் லிண்ட்றோஸ் என்ற பெயரை நான் வேறு விதமாகக் கேட்கத் தொடங்கினேன். ஆறடி நாலங்குல உயரம், காளை மாடு போன்ற உடம்பு, ஃபிலடெல்பியா அணியின் தலைவர். 1995இல் லீக்கின் சிறந்த வீரர். அவருடைய தம்பி பிறெற் தலையில் பட்ட அடிகளால் இருபது வயதிலேயே ஆட்டத்தை விட வேண்டி வந்தது. 2000ஆம் ஆண்டு மார்ச்சில் தனக்கு மூளை அதிர்வு இருந்தும் அணியின் மருத்துவ உதவியாளர்கள் அதைக் கண்டுகொள்ளவில்லை என்று லிண்ட்றோஸ் வெளிப்படையாகச் சொன்னார். அந்தக் காலத்தில் ஒரு வீரர் அப்படிப் பேசுவது கேள்விப்படாத ஒன்று. அவருடைய தலைமைப் பதவியைப் பறித்தார்கள். மே 26இல், திரும்பி வந்த இரண்டாவது ஆட்டத்திலேயே, தலையைக் குனிந்து பக்கோடு வந்தவரை ஸ்கொற் ஸ்டீவன்ஸ் தோளால் இடித்தார். தாடையில் பட்டது. அன்றைய விதிப்படி அது குற்றமில்லை. நடுவர் விசில் ஊதவில்லை. சில வருடத்தில் ஸ்டீவன்ஸும் மூளை அதிர்வின் பின்விளைவுகளாலேயே ஆட்டத்தை விட்டார். இடித்தவர், இடிபட்டவர் என்று அந்தக் காயம் ஆள் பார்ப்பதில்லை.

அந்த நாட்களில் எங்கள் கடைக்கு வருகிறவர்கள் லிண்ட்றோஸை மெல்லியவர், தாய் தகப்பனின் பிள்ளை என்று பேசியதை நான் இந்தக் காதால் கேட்டேன். அவர் பேசுவதை நிறுத்தவில்லை. 2007இல் ஓய்வுபெற்றபோது தான் பிறந்த ஒன்ராறியோ லண்டன் நகரத்து மருத்துவ நிலையத்துக்கு 50 லட்சம் டொலர் கொடுத்தார். பிறகு, றக்பி ஆட்டத்தில் அடுத்தடுத்துத் தலையில் அடிபட்டு இறந்த பதினேழு வயது மாணவியின் பெயரால் எழுந்த ரோவன் சட்டத்துக்காக அரசியல்வாதிகளிடம் ஏறி இறங்கினார். ஒன்ராறியோ மாகாணம் 2018இல் அதை நிறைவேற்றியது. இப்படி ஒரு சட்டம் கனடாவில் அதுவே முதல். மூளை அதிர்வு என்று சந்தேகம் வந்தாலே பிள்ளையை ஆட்டத்திலிருந்து எடுத்துவிட வேண்டும். மருத்துவர் பார்த்து, படிப்படியாகத்தான் திரும்ப விட வேண்டும். பிள்ளைகளும் பெற்றோரும் பயிற்றுநர்களும் ஒவ்வொரு வருடமும் அந்த விளக்கத்தைப் படித்து ஒப்புதல் தர வேண்டும். என் பேத்தியைப் பதியும்போது அந்தப் படிவத்தை நான்தான் வாசித்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்து வாசித்தேன். 2004இல் இது இருந்திருந்தால் என் மகள் பெருவிரலைக் காட்டித் தப்பியிருக்க முடியாது. பயிற்றுநரும் கேட்டுவிட்டுச் சும்மா இருந்திருக்க முடியாது.

எல்லோரிலும் எனக்கு மிக நெருக்கமானவர் கென் டிறைடன். பிளான்ட் நின்ற அதே மொன்றியல் கோலில் 1970களில் நின்று ஆறு ஸ்டான்லி கிண்ணங்கள் வென்றவர். பக் மறுபக்கம் இருக்கும்போது மட்டையின் நுனியில் இரு கையையும் நாடியையும் ஊன்றிக்கொண்டு யோசித்தபடி நிற்கும் அவர் படத்தைக் கனடாவில் தெரியாதவர் இல்லை. ஆடிக்கொண்டே சட்டம் படித்தார். சட்டப் பயிற்சிக்காக ஒரு பருவம் முழுவதும் ஆடாமல் இருந்தார். முப்பத்தொரு வயதில் ஓய்வு. பிறகு எழுத்தாளர், பாராளுமன்ற உறுப்பினர், அமைச்சர். 2017இல், எழுபது வயதில், ஸ்டீவ் மொன்றடோர் என்ற வீரரின் வாழ்க்கையை எழுதினார். மொன்றடோர் பெரிய நட்சத்திரம் அல்ல. பல தடவை மூளை அதிர்வு கண்டு, 2015இல் முப்பத்தைந்து வயதில் இறந்தவர். இறந்த பிறகு அவர் மூளையில், திரும்பத் திரும்ப அடிபடுவதால் வரும் சிதைவு நோய் இருந்தது தெரியவந்தது.

டிறைடன் யாரையும் திட்டவில்லை. ஒரு சட்டத்தரணி வாதத்தைக் கட்டுவது போலக் கட்டினார். எதிராளியின் முகத்தில் மட்டை பட்டால் நடுவர் தண்டனை கொடுக்கிறார். தெரியாமல் பட்டது, கை தவறியது என்ற பேச்சுக்கே இடமில்லை. இரத்தம் வந்தால் தண்டனை இரட்டிப்பு. அப்படியானால் தோளாலோ முழங்கையாலோ தலையில் இடித்தால் மட்டும் ஏன் நோக்கம் என்ன, குனிந்தது யார், தலைதான் முதலில் பட்டதா என்று ஆராய்கிறீர்கள்? வேண்டுமென்று பட்டதா, தெரியாமல் பட்டதா என்பது மூளைக்குத் தெரியாது. அதற்கு அடி அடிதான். ஆகவே தலையில் படும் எந்த இடியும் குற்றம் என்று ஒரு வரியில் விதி எழுதுங்கள் என்றார். விஞ்ஞானிகள் இன்னும் ஆராயட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை, முடிவெடுக்கிறவர்கள் முடிவெடுத்தால் போதும் என்றார். புத்தகத்தை எடுத்துக்கொண்டு நேரே லீக்கின் ஆணையாளரிடம் போய்க் கையில் கொடுத்தார்.

அந்த விதி அந்த ஒரு வரியில் இன்னும் எழுதப்படவில்லை. 2010இல் மார்க் சவார்ட் என்ற வீரருக்குக் கடும் மூளை அதிர்வைக் கொடுத்த இடி ஒன்றுக்குத் தண்டனை கொடுக்க விதி இல்லாமல் போனதால், பார்வைக்கு வெளியே இருந்து வந்து தலையைக் குறிவைப்பதைத் தடுக்கும் விதி ஒன்று எழுதினார்கள். அடுத்த வருடம் அதைக் கொஞ்சம் விரித்தார்கள். 2011இல் அமெரிக்காவும் 2013இல் கனடாவும், உடலால் இடிப்பதைப் பதினொரு, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளின் ஆட்டத்திலிருந்து நீக்கின. நல்ல காரியங்கள். ஆனால் டிறைடன் 2025 செப்டெம்பர் 5இல் இறந்தபோது, அவர் கேட்டது அவருக்குக் கிடைத்திருக்கவில்லை. அன்று மாலை வேலை முடிந்து வந்து, மொன்றடோரைப் பற்றிய அந்தப் புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தேன். ஓரங்களில் என் கையெழுத்து. ஓர் இடத்தில் தமிழில் "குடம்" என்று மட்டும் எழுதியிருந்தேன்.

கழுத்துப்பட்டிக்கு வருகிறேன். ஜோன்சனின் மரணத்துக்குப் பிறகு இங்கிலாந்தின் ஐஸ் ஹொக்கிச் சங்கம் 2024 ஜனவரி 1 முதல் அதைக் கட்டாயமாக்கியது. அனைத்துலகச் சம்மேளனம் தான் நடத்தும் போட்டிகளில் கட்டாயமாக்கியது. அவருடைய பழைய பிற்ஸ்பேர்க் அணி தன் கீழுள்ள இரண்டு இளைய அணிகளில் உடனே அமுல்படுத்தியது. தன் மேல் அணி வீரர்களை அது வற்புறுத்த முடியவில்லை, ஏனென்றால் அங்கே உபகரண விதி எதுவானாலும் வீரர் சங்கம் இணங்க வேண்டும். அதனால் மேல் லீக்கில் அது வீரர்களின் கையிலேயே விடப்பட்டது. வாஷிங்டன் அணியின் ரி.ஜே. ஓஷி போன்ற சிலர் அந்தக் கிழமையே போட்டுக்கொண்டு இறங்கினார்கள். வெட்டுத் தாங்கும் உடுப்பு செய்யும் நிறுவனம் ஒன்று ஓஷிக்கு இருந்தது. இருந்த பட்டிகள் எல்லாம் விற்றுத் தீர்ந்தன. இறுதியில் 2025 கோடையில் லீக்கும் வீரர் சங்கமும் உடன்பட்டன: 2026–27 பருவத்திலிருந்து புதிதாக வரும் வீரர்கள் கட்டாயம் அணிய வேண்டும். ஏற்கனவே ஆடியவர்களுக்கு அவரவர் விருப்பம். 1979இன் தாள், 2013இன் தாள், அதே தாள்.

இப்போது வரும் பட்டிகள் பழையவை போல இல்லை. வெட்டுத் தாங்கும் இழையால் நெய்து, உள்சட்டையின் கழுத்தோடு சேர்த்தே தைத்திருக்கிறார்கள். கடையில் ஒரு துண்டை மாதிரிக்கு வைத்திருக்கிறேன். கேட்கிறவர்களுக்கு முன்னால், தீட்டி முடித்த அலகை அதன் மேல் வைத்து அழுத்தி இழுத்துக் காட்டுவேன். துணியில் கோடு விழும், பிளக்காது. பிறகு என் நகத்தைக் காட்டுவேன்.

போன மார்கழியில் ஒரு வியாழன் இரவு. பத்தரை மணிக்கு ஆடும் பெரியவர்கள் குழு உடுப்பு மாற்றிக்கொண்டிருந்தது. கட்டட வேலை, பஸ் ஓட்டம், வங்கி வேலை என்று பகலெல்லாம் உழைத்துவிட்டு வருகிறவர்கள். அவர்களில் ஒருவர், ஐம்பது வயது இருக்கும், பின்களத்தில் ஆடுகிறவர், பத்து வருடமாக என்னிடம்தான் சாணை பிடிக்கிறார். சப்பாத்தை வாங்கிக்கொண்டு போனவர் பாதியில் திரும்பினார். கவுண்டரில் இன்னும் இரண்டு பேர் நாடா வாங்கிக்கொண்டிருந்தார்கள். அவர் கையுறைகளைப் பார்ப்பது போல ஒதுங்கி நின்றார். அந்த இரண்டு பேரும் போகும் வரைக்கும் நின்றார். பிறகு வந்து, சுவரில் தொங்கிய பட்டிகளில் ஒன்றைக் கண்ணால் காட்டினார்.

எடுத்துக் கொடுத்தேன். கழுத்துக்குக் கிட்ட வைத்துப் பார்த்தார். மேற்சட்டையின் கழுத்தை மேலே இழுத்து மூடிப் பார்த்தார். பின்னால் யாரும் இல்லை என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"போட்டால் வெளியில் தெரியுமா?"